லேசர் லைப்போசக்‌ஷன்: வேலூர்ப் பக்கத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில், அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களைக் கவனிக்கும் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையைப் பற்றி வார்டில் கேட்கிறார்கள், காட்பாடி ரயில் நிலையத்தில் கேட்கிறார்கள், உறவினர் வீட்டு வளைகாப்பில் ஓரமாக அழைத்துப் போய்க் கேட்கிறார்கள். குடியாத்தத்திலிருந்து வந்தாலும் ராணிப்பேட்டையிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஒன்றுதான். அவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே, பேச்சு வழக்கை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றித் தருகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

லேசரை மேலிருந்து அடித்தால் கொழுப்பு கரைந்துவிடுமாமே, கத்தியே படாதாமே?

படும். தோலில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவில் சில துளைகள் இடுவார்கள். அதன் வழியாக முதலில் மரத்துப்போகும் மருந்து கலந்த நீரைச் செலுத்துவார்கள். பிறகு மெல்லிய லேசர் இழையை உள்ளே விட்டுக் கொழுப்புச் செல்களைச் சூட்டால் உடைப்பார்கள். உடைந்து கூழான கொழுப்பைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். இது முழு அறுவை சிகிச்சை. லேசர் என்ற சொல்லைக் கேட்டதும் அது மறந்துபோகிறது. பின்னால் வரும் ஏமாற்றங்களில் பாதி இந்த மறதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

உடல் இளைப்பு மையங்களில் தோலுக்கு மேலே விளக்கு போலக் காட்டுவதும், குளிரூட்டும் பட்டையை ஒட்டுவதும் வேறு சிகிச்சைகள். எங்கே போனாலும் “இந்தக் கருவி தோலுக்கு உள்ளே போகுமா, வெளியிலேயே இருக்குமா?” என்று முதலில் கேளுங்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் செய்வார் என்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்களா?

வைக்க மாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு உருவம் கொடுப்பது என்றுதான் பொருள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் துறை அந்நியமாக இருக்கக் கூடாது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை மீண்டும் வேலை செய்ய வைக்கும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1948இல் தொடங்கியது வேலூர் சிஎம்சியில்தான். உலகத்திலேயே அது முதல் முயற்சி. கொழுப்பை எடுப்பது அதே துறையின் வேறொரு கிளை.

எத்தனை கிலோ குறையும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒரு லிட்டர் கொழுப்பின் எடை ஏறத்தாழ 900 கிராம். உறிஞ்சிய பாட்டிலில் இருப்பது முழுவதும் கொழுப்பும் அல்ல. செலுத்திய நீரும் கொஞ்சம் ரத்தமும் அதில் கலந்திருக்கும். ஐந்து லிட்டரைத் தாண்டினால் அதைப் பெரிய அளவு என்று கணக்கிட்டு, மருத்துவமனையில் படுக்க வைத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். லேசர் முறையில் பெரும்பாலும் அதைவிட மிகச் சிறிய பகுதிகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் வாரத்தில் நீர் கோத்திருப்பதால் எடை கூடியும் காட்டும். எடை பார்க்கும் இயந்திரத்தை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். ரவிக்கை அளவும் பேண்ட் அளவும்தான் பதில் சொல்லும்.

வயிற்றுக் கொழுப்பை எடுத்துவிட்டால் சர்க்கரை நோய் கட்டுப்படும்தானே?

கட்டுப்படாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சர்க்கரை இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. இந்த நம்பிக்கையில் நகையை அடகு வைக்கத் தயாராக வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வயிற்றில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. தோலுக்குக் கீழே கையால் பிடித்துப் பார்க்கக்கூடியது ஒன்று. குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே இருப்பது மற்றொன்று. சர்க்கரையோடும் இதய நோயோடும் அதிகம் உறவுள்ளது உள்ளே இருப்பது. எந்தக் குழலும் அதைத் தொடாது.

2004இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடல் பருமன் உள்ள 15 பெண்களிடமிருந்து சராசரியாகப் பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்தார்கள். அவர்களில் ஏழு பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறனோ ரத்த அழுத்தமோ கொழுப்பு அளவோ மேம்படவில்லை. நடந்தும் உணவைக் குறைத்தும் நான்கு கிலோ குறைப்பவர் சர்க்கரையில் அடையும் பலனை இந்த அறுவை தராது.

அப்படியானால் யாருக்குத்தான் இது பொருந்தும்?

எடை ஓரளவு சரியாக இருந்து, எவ்வளவு நடந்தாலும் இடுப்பின் பக்கவாட்டிலோ தொடையிலோ மேல்கையிலோ தாடைக்குக் கீழோ மட்டும் கரையாமல் நிற்கும் கொழுப்பு உள்ளவர்களுக்கு. தோல் இழுத்தால் திரும்பிச் சுருங்கும் தன்மையோடு இருக்க வேண்டும்.

இரண்டு பிரசவம் ஆன பெண்கள் பலருக்கு வயிறு முன்தள்ளியிருப்பதன் காரணம் கொழுப்பே அல்ல. நடுவில் தசைகள் விலகியிருக்கும், அல்லது தோல் தொங்கிப்போயிருக்கும். லேசர் சூடு தோலைக் கொஞ்சம் இறுக்கும் என்பது உண்மை. மடிந்து தொங்கும் தோலை அது தூக்கி நிறுத்தாது. அதற்கு வேறு அறுவை இருக்கிறது. தொப்புள் பக்கத்தில் குடலிறக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே குழலை விட்டால் குடலில் துளை விழும் ஆபத்து உண்டு. பாலூட்டும் தாய்மார்கள், அதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

முழு மயக்கம் கொடுப்பார்களா? வலிக்குமா?

சிறு பகுதி என்றால் அந்த இடம் மட்டும் மரத்துப்போனால் போதும். பேசிக்கொண்டே படுத்திருக்கலாம். பகுதிகள் கூடினால் தூக்கம் வரும் மருந்தோ, முதுகில் ஊசியோ, முழு மயக்கமோ தேவைப்படும். அப்போது மயக்கவியல் மருத்துவர் கூடவே இருக்க வேண்டும். “யார் மயக்கம் கொடுப்பார்?” என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

உப்புநீரில், மரத்துப்போக வைக்கும் லிடோகெயினும் அட்ரினலினும் கலந்து பகுதி முழுவதும் ஊறவைக்கும் முறையை, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்டார். அதற்கு முன்பு இந்த அறுவையில் ரத்த இழப்பு மிகுதி. அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும், நீர் ஏறும்போது இறுக்கமாக இருக்கும். லேசர் ஓடும்போது வெதுவெதுப்பு தெரியும். சுடுகிறது என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள்.

ஒரே நாளில் கை, வயிறு, தொடை எல்லாவற்றையும் முடித்துவிட்டால் என்ன? இரண்டு முறை விடுப்பு எடுக்க முடியாதே.

லிடோகெயினுக்கு வரம்பு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று கிளைன் குறித்தார். 60 கிலோ எடை உள்ளவருக்கு 2,100 மில்லிகிராம். பகுதிகள் கூடக்கூட மருந்தும் நீரும் நேரமும் கூடும். நீண்ட நேரம் அசையாமல் படுத்திருப்பதால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். உங்கள் மருத்துவர் இரண்டாகப் பிரிக்கச் சொன்னால், உங்களைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்.

லேசர் வேண்டுமானால் கூடுதல் பணம் என்கிறார்கள். சாதாரண முறையைவிட அது உண்மையிலேயே மேலா?

அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற பிறகுதான் இந்தக் கருவிகள் பரவின. 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர் அவற்றில் பழையது. சிறு ரத்தக்குழாய்கள் சூட்டில் அடைபடுவதால் கன்றிப்போவது குறையலாம். கழுத்து, மேல்கை போன்ற சிறிய இடங்களில், தோல் கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது இது கைகொடுக்கும். அதே 2006இல் 25 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. இறுதித் தோற்றத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை.

சூடு இரண்டு பக்கமும் வெட்டும். தோலின் மேற்பரப்பு வெப்பம் 40, 42 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் உள்ளிருந்து தீப்புண் வரும். என் எண்ணம் இது: கருவியின் பெயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அதைப் பல ஆண்டுகள் கையாண்ட கைக்குக் கொடுங்கள்.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். எதை நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அவற்றைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். கருத்தடை மாத்திரை, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள். பெயர் நினைவில்லை என்ற கவலையே இருக்காது. புகைப்பவர்கள் நான்கு வாரம் முன்பே விட வேண்டும்.

அன்றைக்கே வீட்டுக்குப் போகலாமா? பைக்கில் வந்திருக்கிறோம்.

சிறு பகுதி என்றால் பெரும்பாலும் அன்றே போகலாம். பைக்கில் போகக் கூடாது. ஒரு காரும், இரவு முழுவதும் கூட இருக்க ஒருவரும் வேண்டும். மரத்துப்போக வைத்த மருந்து கொழுப்பிலிருந்து மெதுவாக ரத்தத்தில் கலக்கிறது. அதன் அளவு உச்சத்துக்குப் போவதே பல மணி நேரம் கழித்துத்தான், சிலருக்கு நள்ளிரவில். உதடு மரத்தல், காதில் இரைச்சல், குழறிய பேச்சு வந்தால் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். அதனால் தனியாக அறை எடுத்துத் தங்குகிறேன் என்று சொல்பவர்களை நான் விடுவதில்லை.

சென்னையில் செய்துகொண்டு அன்றே திரும்புகிறவர்கள் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் உட்கார்ந்து வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி நடந்துவிட்டு ஏறுங்கள்.

படுக்கை விரிப்பெல்லாம் நனைந்துவிட்டது. ரத்தமாகப் போகிறதே சிஸ்டர்?

இரவு பதினொரு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் இதுதான் அதிகம். முதல் ஒன்றிரண்டு நாள் துளைகள் வழியாக இளஞ்சிவப்பு நீர் வடியும். செலுத்திய உப்புநீர்தான் ரத்தச் சாயத்தோடு வெளியேறுகிறது. அதற்காகவே சில மருத்துவர்கள் துளைக்குத் தையல் போடாமல் விடுவார்கள். பழைய சேலையை நான்காக மடித்து, கீழே ரப்பர் விரிப்புப் போட்டுப் படுங்கள். கெட்டியாக, அடர்சிவப்பாக, நிற்காமல் வந்தால் அது வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது.

பத்து நாள் ஆகிறது. முன்பைவிடப் பருமனாக இருக்கிறேன். ஏமாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்வியோடு சேர்ந்து அழுகையும் வரும். முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தால் அந்தக் கண்ணீருக்குத் தேவையே இருந்திருக்காது. அதனால் நீளமாகவே சொல்கிறேன். முதல் மூன்று நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்த மறுநாள் போல உடம்பு முழுவதும் வலிக்கும். அந்த நாட்களில் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். ரத்தக்கட்டு ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். எடுத்த இடத்திலேயே அது நிற்காது, கீழே இறங்கும். வயிற்றில் செய்துகொண்ட ஆண்களுக்குப் பிறப்புறுப்பு வீங்கிக் கறுத்துப்போய்ப் பதறுவார்கள். நீர் இறங்குவதால் வருவது அது, சில நாளில் வடியும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தோலுக்குக் கீழே கட்டிகட்டியாக, பலகை போலக் கெட்டியாகத் தட்டுப்படும். உள்ளே புண் ஆறுகிறது என்று அர்த்தம். ஒரு மாதத்தில் பாதி வீக்கம் போயிருக்கும். மூன்று மாதத்தில் உருவம் தெரியும். லேசர் சூட்டால் தோல் இறுகுவது ஆறு மாதம்வரை தொடரும். பத்தாம் நாள் கண்ணாடி எதையும் சரியாகச் சொல்லாது. ஓரிடம் மட்டும் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் ஊசியால் எடுத்துவிடுவார்.

தொட்டால் உணர்ச்சியே இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

கூடாது. தோல் மரத்திருப்பது இயல்பு, சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை இருக்கும். உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு வைத்தால் வேகும்வரை உங்களுக்குத் தெரியாது. பாசத்தோடு பாட்டி கொடுத்த ஒத்தடத்தால் கொப்புளத்தோடு வந்த பெண்ணுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அறுவையில் வராத தழும்பு ஒத்தடத்தில் வந்தது. ஐஸ் கட்டியையும் நேராக வைக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து நீவுவதும் இப்போது வேண்டாம். மசாஜ் தேவை என்றால், எப்போது, யார் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்வார்.

வேலூர் வெயிலில் அந்தப் பெல்ட்டை எப்படிப் போட்டுக்கொண்டிருப்பது?

நியாயமான கேள்வி. மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது. முடிந்தால் கத்திரி வெயில் காலத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். இறுக்க உடையைத்தான் எல்லோரும் பெல்ட் என்கிறார்கள். வீக்கம் வடியவும், தோல் கீழுள்ள தசையோடு ஒட்டவும் அது தேவை. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். முதல் சில வாரங்கள் குளிக்கும் நேரம் தவிர எப்போதும்.

இரண்டு உடைகள் வாங்குங்கள். ஒன்று துவைத்துக் காய, ஒன்று போட. உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டால் வேர்க்குரு குறையும். மடிப்பு விழாமல் இழுத்துவிட வேண்டும், மடிந்த இடத்தில் தோலில் பள்ளம் பதிந்துவிடும். முதல் முறை கழற்றும்போது தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு. படுத்த நிலையில் மெதுவாகத் தளர்த்தி, சிறிது நேரம் உட்கார்ந்த பிறகு எழுந்திருங்கள். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதீர்கள்.

கத்தரிக்காய், மீன், முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று மாமியார் சொல்கிறார். பத்தியம் உண்டா?

சீழ் கிருமியால் வருகிறது, கத்தரிக்காயால் அல்ல. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விளையும் ஊரில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்கு முன்பே ஒவ்வாமை இருந்தால் மட்டும் தவிருங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் நன்றாகச் சாப்பிடலாம். உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறையுங்கள். உப்பு நீரைப் பிடித்துவைத்து வீக்கத்தை நீட்டிக்கும். ஆம்பூர் பிரியாணியை இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடியில் செய்துகொண்டால் ஆவணிக் கல்யாணத்துக்குத் தயாராகிவிடலாமா?

முடியாது. மூன்று மாதக் கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன். ஒரு மாதத்தில் வீக்கத்தோடும் கெட்டித்தன்மையோடும் மணமேடையில் உட்கார வேண்டியிருக்கும். தைத்த ரவிக்கையும் பொருந்தாது. தை முகூர்த்தம் என்றால் ஆடி நல்ல காலம். மற்றபடி உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மூன்று முதல் ஐந்து நாளில் போகலாம். தோல் தொழிற்சாலையிலோ கடையிலோ சுமை தூக்குபவர்கள் மூன்று நான்கு வாரம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்குள் நடப்பது மட்டும் அன்றே தொடங்க வேண்டும்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குக் கூடாது?

வடிதல், வீக்கம், ரத்தக்கட்டு, மரத்தல், கட்டிகட்டியாக இருத்தல் ஆகியவற்றுக்குப் பயம் வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தல், முதல் மூன்று நாளுக்குள் மனக்குழப்பம் அல்லது உடம்பில் சிறு சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். கொழுப்போ ரத்தக்கட்டியோ நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். வயிற்றில் செய்துகொண்டவருக்கு வயிறு கல் போல இறுகிக் கடும் வலியும் வாந்தியும் வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, வேகமாகப் பரவும் சிவப்பு, தோல் கறுத்தல் வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

எடுத்த கொழுப்பு திரும்பி வருமா?

எடுத்த செல்கள் திரும்புவதில்லை. மிச்சமிருப்பவை பருக்கும். எடை ஏறினால் எடுக்காத இடங்களில் அது தெரியும். தொடையில் எடுத்தவருக்கு மேல்வயிறு கூடலாம். ஐந்து கிலோ ஏறினால் செலவழித்த பணம் கண்ணுக்குத் தெரியாது.

என் மகனுக்கு மார்பு பெண்களைப் போல இருக்கிறது. சட்டை கழற்றவே கூச்சப்படுகிறான்.

பருவ வயதில் இது பரவலாக வரும், பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டில் தானாகக் குறையும். அதுவரை காத்திருங்கள், அவனைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். பெரியவனான பிறகும் இருந்தால் கொழுப்போடு சுரப்பித் திசுவும் இருக்கும். அதை லேசர் கரைக்காது, தனியாக வெட்டி எடுக்க வேண்டும். சில மாத்திரைகளும் உடற்பயிற்சிக் கூட ஊசிகளும்கூடக் காரணமாகலாம். அவற்றை முதலில் விசாரிக்க வேண்டும்.

காப்பீட்டில் வருமா?

அழகுக்கான அறுவை காப்பீட்டில் வராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்குத்தான் வாய்ப்பு உண்டு. சொல்லும் தொகையில் மயக்க மருத்துவர் கட்டணம், இறுக்க உடை, ஜிஎஸ்டி, மறுவருகை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கணவர் வற்புறுத்துகிறார். எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. என்ன செய்வது?

செய்துகொள்ளாதீர்கள். மூன்று வாரம் வலியைத் தாங்கப்போவதும் பெல்ட்டுக்குள் வேகப்போவதும் நீங்கள். மருத்துவரிடம் “தனியாகப் பேச வேண்டும்” என்று சொல்லுங்கள். கணவரை வெளியே உட்கார வைப்பது அவர்களுக்குப் பழக்கமான வேலை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. அறுவை அறை வாசலில்கூட வேண்டாம் என்று சொல்லலாம்.

எட்டு மாதம் ஆகிறது. ஒரு பக்கம் பள்ளமாக இருக்கிறது. மறுபடி செய்யலாமா?

ஆறு மாதம் ஆவதற்குள் கேட்டிருந்தால் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். எட்டு மாதத்தில் உள்ள பள்ளம் தானாக நிரம்பாது. மேடாக இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துச் சமன் செய்யலாம். பள்ளத்தில் உங்கள் உடம்பின் வேறோர் இடத்துக் கொழுப்பையே நிரப்பலாம். முதல் அறுவையில் தழும்பாகிப்போன திசுவில் வேலை செய்வது கடினம் என்பதால், திருத்த அறுவையில் அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள்.

போகும்போது அறுவைக்கு முன் எடுத்த புகைப்படங்களும் டிஸ்சார்ஜ் தாளும் தேவை. எந்த இடத்தில் எத்தனை மில்லிலிட்டர் எடுத்தார்கள், எந்த லேசர், எவ்வளவு மருந்து என்று அந்தத் தாளில் இருக்க வேண்டும். முதல் முறை செய்துகொள்ளப்போகிறவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் அன்றே அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.